அளப்போன் அறம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் அடுக்களையில் பிறந்த பழமொழி. அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து, விரலிடை வைத்து நசுக்கிப் பார்க்கும் தாய் பானை முழுவதையும் அறிந்துகொள்கிறாள். அவள் கணிப்பு பொய்ப்பதில்லை. ஏன்? பானையில் உள்ள அரிசி ஒரே வகை, உலை நீர் ஒன்று, அடுப்பும் ஒன்று, கொதிநீர் எல்லாப் பருக்கைகளையும் ஓயாமல் புரட்டிக்கொண்டேயிருக்கிறது. இவை நான்கும் பொருந்தியிருப்பதால்தான் ஒரு பருக்கை ஒரு பானைக்குச் சான்றாகிறது. இவற்றுள் ஒன்று மாறினாலும் அந்தச் சான்று செல்லாது. பழமொழியைச் சொல்லுவோர் பலர். அதன் அடியில் மறைந்திருக்கும் இந்நிபந்தனைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மனிதன் பதம் பார்க்கத் துணிந்த பானைகளுள் மிகப் பெரியது அவன் காலடியில் இருக்கும் இந்தப் புவியாகும். இதன் உள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அறிய முற்பட்டவர்கள் 150 ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ட வெற்றிகளும் பட்ட தோல்விகளும் அறிவியல் வரலாற்றின் ஒரு பகுதி மட்டும் அல்ல. அவை ஓர் அறவினாவையும் எழுப்புகின்றன. துல்லியமாக அளந்தவன் உண்மையைக் கண்டவன் ஆகிவிடுவானா? ஆகமாட்டான் எனில், அளவுகோலைக் கையில் எடுப்பவன் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கம் யாது?

காலடியில் ஓர் அடுப்பு

மலேசியத் தீபகற்பத்தில் இன்று எரியும் எரிமலை இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. ஆயினும் பேராக் மாநிலத்துச் சுங்கை கிளாவிலும் சிங்கப்பூரின் செம்பவாங்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அங்குச் செல்வோர் அந்நீரில் முட்டையை வேகவைத்து உண்டு மகிழ்வது வழக்கம். உடன் வரும் சிறுவன், "அடுப்பு எங்கே?" என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே வெப்பமுற்று, மீண்டும் மேலே வருகிறது. அடுப்பு ஓரிடத்தில் ஒளிந்திருக்கவில்லை. நிலம் முழுவதுமே அடுப்புத்தான். இந்த ஊற்றை நினைவில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் ஆழ்கடலின் அடியில் இதன் உறவினரைக் காண நேரும்.

நிலத்தில் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகும். பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயரும். வெப்பம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடுவது இயற்கை. அவ்வோட்டத்தைக் கணக்கிடும் விதியைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இரண்டை அளந்தால் போதும்: ஆழத்துக்கேற்ப வெப்பம் உயரும் வீதம் ஒன்று, பாறை வெப்பத்தைக் கடத்தும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வெப்ப ஓட்டம் கிட்டும். கிலோமீட்டருக்கு 25 பாகை உயர்வு என்றும், பாறையின் கடத்துதிறனை அதற்குரிய அலகில் 2.6 என்றும் கொண்டால், ஒரு சதுர மீட்டர் நிலத்தின் வழியே 65 மில்லிவாட் வெப்பம் வெளியேறுகிறது. கண்டங்களின் சராசரி ஏறத்தாழ இவ்வளவே.

இஃது எத்துணைச் சிறியது என்பதை ஒரு வகுப்பறையைக் கொண்டு உணரலாம். 9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள அறையின் தரை வழியே வெளியேறும் புவிவெப்பம் ஏறத்தாழ 4 வாட். ஒரு சிறிய இரவு விளக்குக்கே அது போதும். ஒரு காற்பந்துத் திடல் முழுவதன் வெப்பத்தையும் திரட்டினாலும் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் பற்றாது. சூரியனிடமிருந்து புவி ஏற்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இஃது ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. எனினும், சிறு துளி பெருவெள்ளம் அன்றோ! உலக முழுமைக்கும் கூட்டினால் ஏறத்தாழ 47 டெராவாட், அதாவது 47 இலட்சம் கோடி வாட் ஆகிறது. மனித குலம் முழுவதும் பயன்படுத்தும் ஆற்றலைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். கண்டங்கள் நகர்வதும் மலைகள் எழுவதும் நிலம் நடுங்குவதும் இந்த உள்வெப்பத்தின் தொழில்களே. இவ்வளவு மெல்லிய ஒன்றை அளப்பதில்தான் அளப்பவனின் ஒழுக்கம் சோதிக்கப்படுகிறது.

கெல்வின் பார்த்த பதம்

பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்; தம் காலத்து இயற்பியலாளருள் தலைசிறந்தவர். அவர் 1862இல் எடின்பரோவில் ஓர் ஆய்வுரையை அளித்தார். புவி தொடக்கத்தில் ஏறத்தாழ 3,900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய நிலையில் இருந்து, பின் இறுகி, அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புக் குண்டைப்போல் ஆறிக்கொண்டு வருகிறது என்று அவர் கொண்டார். ஆற ஆற, மேற்பரப்புக்கு அருகே ஆழத்துக்கேற்ப வெப்பம் உயரும் வீதம் குறையும். அன்று சுரங்கங்களில் அறியப்பட்டிருந்த வீதத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, புவியின் வயது 9 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள் என்று விடை வந்தது. அளவுகளில் ஐயம் இருந்தமையால், 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டது என்று எல்லை வகுத்தார்.

அவர் கணக்கில் பிழையில்லை. ஆயினும் விடை தவறானது. புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று இன்று அறிகிறோம்.

அந்த எண் ஏட்டோடு நின்றிருந்தால் கேடில்லை. அது பிறர்மீது ஆட்சி செலுத்தியது. உயிர்கள் சிறிது சிறிதாக மாறி வளர்ந்தன என்று கூறிய டார்வினுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. கெல்வினின் கணக்கு அக்காலத்தை மறுத்தது. டார்வின் மனம் கலங்கினார். தெளிவு பிறக்கும் முன்னரே 1882இல் காலமானார். பாறை அடுக்குகளைக் கண்ணாரக் கண்டு நெடுங்காலத்தை உணர்ந்திருந்த நிலவியலாளர் பலரும், தாம் கண்டதைச் சுருக்கி அந்த எண்ணுக்குள் அடக்க முயன்றனர். கண் கண்ட சான்றைவிடக் கணக்கு பெரிதென மதிக்கப்பட்டது.

பிழை எங்கே இருந்தது? கெல்வினிடம் உதவியாளராகப் பணியாற்றிய ஜான் பெர்ரி என்பவர் அதனைக் கண்டார். புவியின் உட்பகுதியும் மேற்பகுதியும் ஒரே வகையாக வெப்பத்தைக் கடத்தும் என்பது கெல்வினின் அடிப்படை. பெர்ரி அதனை ஐயுற்றார். உள்ளே இருக்கும் பொருள் ஓரளவு அசைந்து, அடி வெப்பத்தை மேலே கொண்டுவந்து தருமாயின், மேலோட்டுக்கு அருகே காணப்படும் வெப்ப உயர்வு மிக நெடுங்காலம் நிலைத்திருக்கும். அவ்வாறாயின் வயது 200, 300 கோடி ஆண்டுகள்கூட ஆகலாம் என்று 1895இல் எழுதினார். பானைக்குள் கொதிநீர் புரட்டுகிறதா இல்லையா என்று அறியாமல் ஒரு பருக்கையைக் கொண்டு முடிவு செய்யலாகாது என்பதே அவர் கூறியதன் பொருள். ஆசிரியரிடத்தில் பெருமதிப்பு வைத்திருந்த ஒருவர், தயக்கத்தோடும் பணிவோடும், ஆயினும் உண்மையை மறைக்காமல் சொன்ன சொல் அது. மேல் எல்லையை இன்னும் மிகப் பெரிதாக வைத்திருக்கலாம் என்று கெல்வின் அப்போது ஒப்புக்கொண்டார். ஆனால் 1897இல் அவர் வெளியிட்ட முடிவு யாது? 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையே என்பதுதான். ஐயம் எழுப்பப்பட்ட பின்னர் எல்லை விரிந்திருக்க வேண்டும், மாறாகச் சுருங்கிற்று.

இதற்கிடையே 1896இல் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. ரேடியம் தானாகவே ஓயாது வெப்பம் தருகிறது என்று 1903இல் பியேர் கியூரியும் அவர் துணைவர் லபோர்டும் காட்டினர். பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சிதைவு புவிக்குள்ளே புதிது புதிதாக வெப்பம் ஊட்டுகிறது. புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு வருவது. எஞ்சியது புவி உருவானபோது சேர்ந்த பழைய வெப்பம். 1904இல் இலண்டனில் ரதர்போர்டு இதனைக் குறித்துப் பேசியபோது முதியவராகிய கெல்வின் அவையில் அமர்ந்திருந்தார். சூரியனின் வயதைப் பற்றி 1862இல் எழுதிய கட்டுரையில், இன்று அறியப்படாத வேறு ஆற்றல் மூலம் இருந்தாலன்றி என்றொரு நிபந்தனையைக் கெல்வினே சேர்த்திருந்தார். அதனை ஒரு தீர்க்கதரிசனமாக எடுத்துக் காட்டித் தாம் அவையில் ஒப்பேறியதை ரதர்போர்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்நிகழ்ச்சியில் நகைப்பைவிட ஆழமான ஒரு பாடம் உண்டு. கெல்வின் நிபந்தனையை எழுதாதவர் அல்லர், எழுதினார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நிபந்தனை மறைந்தது. எண் மட்டும் நின்றது. பிறர் அவ்வெண்ணை மேற்கோளாக்கினர். பிறகு அவரே அதனை நம்பினார். எண்ணையும் அதன் நிபந்தனையையும் பிரிக்காமல் சேர்த்தே வழங்குவது அளப்போனின் முதற்கடமை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

சுரங்கமும் ஆழ்துளையும்

பாறையின் வெப்பத்தை முதலில் அறிந்தவர்கள் அறிஞர்கள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்களே. கர்நாடகத்துக் கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அங்கே பாறை கைபொறுக்காத சூடு. வெப்பமானி இல்லாமலே அவர்கள் முதுகு அதனை அளந்தது. 1960களில் இந்திய ஆய்வாளர் அந்தச் சுரங்கத்தில் வெப்ப ஓட்டத்தை அளந்து நூலேற்றினர். ஏட்டில் உள்ள எண்ணுக்குப் பின்னால் இருட்டில் நின்று உழைத்த உடல்கள் உண்டு என்பதையும் கற்றோர் மறத்தலாகாது.

நிலத்தில் வெப்ப ஓட்டத்தை முறையாக அளந்து வெளியிட்ட ஆண்டு 1939. பிரிட்டனில் பென்ஃபீல்டும், தென்னாப்பிரிக்க ஆழ்துளைகளில் எட்வர்ட் புல்லார்டும் அப்பணியைச் செய்தனர். வேலை எளிதாகத் தோன்றும்: துளையில் வெப்பமானியை இறக்க வேண்டும், எடுத்த பாறைத் துண்டின் கடத்துதிறனை ஆய்வகத்தில் அறிய வேண்டும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. துளையிடுதலே பாறையின் வெப்பநிலையைக் கெடுத்துவிடுகிறது. துளைக்கும் கருவியைக் குளிர்விக்கச் செலுத்தும் சேற்றுநீர், அடியிலுள்ள சூடான பாறையைக் குளிரச் செய்கிறது. மேலேறும்போது தான் பெற்ற வெப்பத்தை மேற்பாறைக்குத் தருகிறது. துளையிட்டவுடன் அளப்பவன் பாறையை அளப்பதில்லை. தன் செய்கையை அளக்கிறான். ஆகவே துளையிட்ட காலத்தைப்போல் பல மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். வாரங்கள், சில வேளை மாதங்கள் சென்ற பின்னரே பாறை தன் இயல்புக்குத் திரும்பும்.

அப்போதும் ஐயம் தீர்வதில்லை. நாளின் வெப்பமும் குளிரும் நிலத்துள் ஒரு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவது அரிது. ஆண்டின் பருவ மாற்றம் பத்து, இருபது மீட்டர் வரை செல்லும். நூற்றாண்டுகளின் தட்பவெப்ப மாற்றமோ நூறு மீட்டருக்கும் கீழே தன் சுவட்டைப் பதிக்கும். பனியூழிக் குளிரின் நினைவுகூட ஆழத்துப் பாறையில் இன்னும் அழியாமல் இருக்கிறது. ஆதலின் ஓரிடத்தின் இன்றைய அளவு இன்றைக்கு மட்டும் உரியதன்று. அதனுள் பழைய காலங்களும் கலந்துள்ளன. அவற்றை அறிந்து கழித்த பின்னரே உண்மையான ஓட்டம் தெரியவரும்.

கடலடியில் ஓர் ஈட்டி

புவிப்பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். அதன் அடியில் அளவாது முழுமை பேச இயலாது. 1949 தொடங்கிப் புல்லார்டு, கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த மாக்ஸ்வெல், ரெவெல் ஆகியோருடன் இம்முயற்சியில் இறங்கினார். கருவி சில மீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகு ஈட்டி. அதனுள் நுண்ணிய வெப்ப உணரிகள் இருக்கும். கப்பலிலிருந்து சில கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தில் அதனை இறக்கினால், அது கடலடிச் சேற்றில் குத்தி நிற்கும்.

ஆழ்கடலின் அடி நீர் இரண்டு பாகை அளவில் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. வெயிலும் மழையும் அங்கில்லை. அதனால் கிலோமீட்டர் கணக்கில் துளையிட வேண்டியதில்லை. மூன்று மீட்டர் ஆழமே போதும். ஆனால் அம்மூன்று மீட்டரில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு பாகையில் ஒரு சிறு பங்கே. ஈட்டி சேற்றைக் கிழித்து நுழையும்போது உராய்வினால் எழும் சூடோ அதைவிட மிகுதி. காண விரும்பும் வெப்பத்தைக் காண வந்தவனின் வெப்பமே மறைத்துவிடுகிறது!

என்ன செய்தனர்? காத்திருந்தனர். தொடக்கக் காலக் கருவிகள் அரைமணி நேரமும் அதற்கு மேலும் சேற்றில் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. மேலே கப்பல் காற்றிலும் அலையிலும் நகரும். வடம் இழுபட்டால் ஈட்டி அசையும். அசைந்தால் மீண்டும் உராய்வு, மீண்டும் சூடு. வடத்தைத் தளர்த்திக் கப்பலை நிலைநிறுத்தி, ஈட்டியின் சூடு தணியும் போக்கைப் பதிவு செய்து, முற்றிலும் தணிந்தால் எங்கே நிற்கும் என்று கணித்தனர். அளக்க வேண்டியதை அளக்கும் முன், தம் வரவால் விளைந்த சூடு எவ்வளவு என்பதை அவர்கள் அளந்தனர். அளப்போனின் இரண்டாம் கடமை இதுவே.

காத்திருந்து பெற்ற விடை எல்லாரையும் வியப்பில் ஆழ்த்தியது. கண்டங்களின் கருங்கற் பாறைகளில் கதிரியக்கப் பொருள் மிகுதி. கடலடிப் பாறைகளில் அது மிகக் குறைவு. ஆகவே கடலடியின் வெப்ப ஓட்டம் நிலத்தைவிட மிகக் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தனர். 1950களில் வந்த அளவுகளோ இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றன. கருவி பிழை செய்தது என்று ஒதுக்கிவிட எவ்வளவோ காரணம் கூறியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அந்த அளவை வெளியிட்டு, கடலடிக்குக் கீழே ஆழத்துப் பாறையே மெல்லச் சுழன்று வெப்பத்தை மேலே கொணர்கிறதோ என்று வினவினர். பெர்ரி கூறிய புரட்டும் பானை மீண்டும் நினைவுக்கு வரவில்லையா? அந்த வினாவும் பிறவும் சேர்ந்து, நடுக்கடல் மலைத்தொடர்களில் புதுத் தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்னும் தெளிவு 1960களில் ஏற்பட்டது.

காணாமற்போன வெப்பம்

தெளிவு பிறந்ததும் புதிய சிக்கலும் பிறந்தது. நடுக்கடல் மலைத்தொடரில் புதிதாகப் பிறந்த தரை மிகச் சூடாக இருத்தல் வேண்டும். விலகிச் செல்லச் செல்ல அது ஆறுதல் வேண்டும். கொள்கை தெளிவாக இருந்தது. ஆனால் மலைத்தொடருக்கு அருகே குத்திய ஈட்டிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அளவையே பல இடங்களில் காட்டின. பக்கத்துப் பக்கத்து இடங்களே ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

இவ்விடத்தில் அளப்போன் இருவகைச் சோதனைக்கு உள்ளாகிறான். கொள்கையை விரும்புகிறவன், அளவுகள் தவறு என்று தள்ளிவிடுவான். கருவியை விரும்புகிறவன், கொள்கை பொய் என்று தள்ளிவிடுவான். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: நம் கருவி காணமுடியாத பாதையில் வெப்பம் செல்கிறதோ என்று கேட்பது. ஈட்டி அளப்பது சேற்றின் வழியே கடத்தப்படும் வெப்பத்தை மட்டுமே. கடல்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, சூடேறி, வேறோர் இடத்தில் பீறிட்டு வெளியேறினால் ஈட்டிக்கு அது தெரியாது. செம்பவாங் ஊற்றின் உறவினர் இவரே! 1970களின் தொடக்கத்தில் கிளைவ் லிஸ்டர் போன்றோர் இக்கருத்தை வலியுறுத்தினர்.

கருத்தோடு அவர்கள் நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. காணாத பாதை ஒன்று உண்டு என்பது எந்தத் தவறான கொள்கையையும் காப்பாற்றக்கூடிய சாக்கு. ஆகவே அதனைச் சோதித்தனர். தடித்த வண்டல் மூடி, நீர் வெளியேற வழியில்லாத இடங்களில் அளந்தபோது அளவும் கொள்கையும் நெருங்கி வந்தன. 1977இல் கலாபகோசு தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்னும் நீர்மூழ்கி, கடலடியில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. சூரிய ஒளியே இல்லாத அவ்விடத்தில் நீண்ட குழாய்ப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்ந்தன. அப்பயணத்தில் சென்றவர்கள் நிலவியலாளரும் வேதியியலாளரும். உயிரியலாளர் ஒருவரும் இல்லை. உயிர்களைத் தேடி அவர்கள் போகவில்லை. கணக்கில் குறைந்த வெப்பத்தைத் தேடிப் போனார்கள். 1979இல் மெக்சிகோவுக்கு அப்பால் கரும்புகை போல நீரைக் கக்கும் புகைபோக்கிகளும் காணப்பட்டன. அந்நீரின் வெப்பம் 350 பாகைக்கும் மேல்.

இன்று கண்டங்களின் சராசரி 65 முதல் 70 மில்லிவாட் வரை என்றும், கடலடியின் சராசரி ஏறத்தாழ 100 மில்லிவாட் என்றும் கொள்ளப்படுகிறது. 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 38,000க்கும் மேற்பட்ட அளவுகளைத் திரட்டி, மொத்தம் 47 டெராவாட், கூடவோ குறையவோ 2 டெராவாட் என்றது. இதிலும் ஒரு நேர்மை உண்டு. இளங்கடல் தரையின் பங்கு நேரே அளந்தது அன்று. கொள்கையைக் கொண்டு கணித்தது என்பதை அவ்வாய்வாளர்கள் மறைக்கவில்லை. அளந்ததை மட்டுமே கொள்ள வேண்டும் என்று வாதிட்டு, 31 டெராவாட் என 2005இல் எழுதியவர்களும் உண்டு. எது அளந்தது, எது கணித்தது என்பதைப் பிரித்துக் காட்டியமையால்தான் அவ்வாதம் நிகழவும் முடிந்தது. இது மூன்றாம் கடமை.

ஓர் எதிர்வினா

இங்ஙனம் ஐயத்தின்மேல் ஐயம் எழுப்பினால் எதையும் முடிவு செய்ய இயலுமா என்று கேட்கலாம். மருத்துவன் நோயைக் கணிக்க வேண்டும். நடுவன் தீர்ப்பு வழங்க வேண்டும். அடக்கம் என்னும் பெயரால் அவர்கள் வாளாவிருந்தால் உலகியல் நடவாது. இவ்வினா நேர்மையானது.

கெல்வினை இகழ்வதற்கு இவ்வரலாறு இடந்தரவில்லை என்பதே முதல் விடை. அவருக்கு முன் நிலவியலாளர் பலர் காலத்தை எல்லையற்றதெனக் கருதி, எண்ணிக்கையே இல்லாமல் பேசினர். எண்ணிச் சொல்லுங்கள் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தியவர் கெல்வின். தவறான எண், எண்ணே இல்லாமையைவிட மேல். ஏனெனில் தவறான எண்ணைத் திருத்தலாம். அளக்க மறுப்பதும் ஒரு வகைச் சோம்பலே. ஆகவே குற்றம் அளந்ததில் இல்லை. அளந்ததை இறுகப் பற்றியதில் உள்ளது.

இரண்டாவது விடை இது: எல்லையைச் சொல்வது முடிவைத் தளர்த்துவதில்லை, முடிவை உறுதிப்படுத்துகிறது. 47 என்று மட்டும் சொல்பவனிடம், எவ்வளவு நம்பலாம் என்று கேட்க வழியில்லை. 45க்கும் 49க்கும் இடையே என்று சொல்பவன், தன்னைப் பிழையெனக் காட்டும் வாயிலையும் திறந்து வைக்கிறான். யார் கூறினார் என்று நோக்காது கூற்றின் மெய்ம்மையை நோக்குவதே அறிவு என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். அதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. கூறுபவனும் தன் பெயரின் நிழலில் கூற்றை ஒளித்து வைக்கலாகாது.

வகுப்பறையின் அளவுகோல்

அளக்கும் தொழில் ஆழ்கடலில் மட்டும் நடைபெறுவதன்று. நாள்தோறும் மிகுதியாக அளப்பவர் ஆசிரியரே. அவர் அளப்பது பாறையை அன்று, வளரும் உள்ளத்தை. பாறையின் அளவில் பிழை நேர்ந்தால் பாறை வருந்தாது. பிள்ளையின் அளவில் பிழை நேர்ந்தால், அப்பிழையை அப்பிள்ளை தன் பெயராகவே சுமக்கும்.

கடுகடுத்த முகத்தோடு வகுப்பில் நுழைந்து, பெயர் சொல்லி எழுப்பி, வாசி என்று அதட்டும் ஆசிரியர் கேட்பது மாணவனின் வாசிப்பை அன்று. தாம் எழுப்பிய அச்சத்தை. சேற்றில் நுழைந்த ஈட்டி முதல் நொடியில் காட்டும் சூடு எவருடையதோ, அந்தத் திக்கலும் அவருடையதே. சற்றுப் பொறுத்து, அச்சம் ஆறிய பின் கேட்டால் வேறு குரல் கேட்கும். அன்று காலை பசியோடு வந்தவன், முந்தின இரவு வீட்டில் சச்சரவைக் கண்டவள், இவர்களின் விடைத்தாளில் நேற்றைய குளிரும் கலந்திருக்கும். மதிப்பெண் பட்டியலோ எண்ணை மட்டும் காக்கும்; நிபந்தனையைக் காப்பதில்லை.

எழுத்துத் தேர்வில் தாழ்ந்து நிற்கும் மாணவனிடம் அறிவு வேறு பாதையில் பாய்கிறதா என்று தேடுவதும் கடனே. எழுத வராதவன் கதை சொல்லக்கூடும்; கணக்குத் தாளில் தடுமாறுபவன் தந்தையின் கடையில் மீதிச் சில்லறையைக் கணத்தில் எண்ணித் தரக்கூடும். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். மறைந்த திறன் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அன்பினால் கற்பித்துக்கொண்டு, கற்றுத் தரவேண்டியதைக் கற்றுத் தராமல் விடுவதும் தவறு. அறிஞர்கள் வெப்பம் வேறு வழியில் போகிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் உறங்கவில்லை. கடலின் அடிக்கே இறங்கிச் சென்று பார்த்தார்கள்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்கநிலை இறுதித் தேர்வின் நுண்ணிய மதிப்பெண் வரிசை அதே ஆண்டில் மாற்றப்பட்டு, பாடத்துக்கு எட்டுத் தரநிலைகள் வந்தன. இம்மாற்றங்களைப் பற்றிக் கல்வியாளரிடையே கருத்து வேறுபாடு இருத்தல் இயல்பு. எந்தத் தேர்வு இருந்தாலும், எது நீங்கினாலும், ஆசிரியரின் கையில் ஓர் அளவுகோல் இருந்தே தீரும். அக்கோல் சட்டத்தால் நேராவதில்லை. பிடிப்பவரின் ஒழுக்கத்தால் நேராகிறது. பெர்ரியைப்போல ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இந்தக் கணக்கின் தொடக்கத்திலேயே ஓர் ஐயம்" என்று சொல்லும் நாளில், எல்லையை விரிக்கும் ஆசிரியரும் உண்டு. சுருக்கும் ஆசிரியரும் உண்டு. அவ்விருவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தேர்வும் அளக்காது.

ஆகவே, துல்லியம் மட்டும் உண்மையாகாது. தன் நிபந்தனையை மறவாமையும், தன் சூடு ஆறும்வரை பொறுத்தலும், அளந்ததையும் கருதியதையும் பிரித்துரைத்தலும், சிறியோர் சொல்லுக்கும் செவி கொடுத்தலும் சேரும்போதுதான் அளவு அறிவாகிறது. அடுக்களையில் பதம் பார்க்கும் தாயும் இதனை அறிந்தே இருக்கிறாள். கொதிக்கும் பானையிலிருந்து எடுத்த பருக்கையை அவள் உடனே நசுக்குவதில்லை. சற்று ஊதி ஆறவைத்த பிறகே விரலிடை வைக்கிறாள். ஐயம் எழுந்தால் இன்னொரு பருக்கையையும் எடுத்துப் பார்க்கிறாள்.